பெயர் வாசிக்காத மூட்டைகள்

பஹ்மாலுக்கு விடிந்ததிலிருந்தே முழங்கால் குத்திக்கொண்டிருந்தது. யூதர்களின் ஜெப ஆலயத்து முற்றத்துக்கு வந்து சேர்வதற்குள் வலி இடுப்புக்கு ஏறிவிட்டது. பட்டு ஆலையில் பட்டுக்கூடு வேகும் வெந்நீர்த் தொட்டி ஓரம் நின்று நின்று தேய்ந்த கால்கள். ஆலையை மூடியபோது ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டது. வலி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முற்றத்தின் மூலையில் நூலக அறை. பூட்டைத் திறந்து கதவைத் தள்ளியவள் வாசலிலேயே நின்றாள்.

ஈர மண் வாடை.

சமர்கந்தில் குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும் அறை எதுவானாலும் கொஞ்சம் பூஞ்சை அடிக்கும். இது பூஞ்சை இல்லை. அப்போதுதான் கொத்திப் புரட்டிப் போட்ட மண். கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தாள். ஒழுகவில்லை. சரி, எங்கிருந்தோ வருகிறது என்று அடுப்பைப் பற்றவைத்தாள். தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். நீள மேஜையைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டாள். செவ்வாய்க்கிழமை. பெண்கள் கூடி வேதம் வாசிக்கும் நாள்.

ஹிஸ்கியோ கதவு வழியாகத் தலையை நீட்டினான். ஆலயக் கமிட்டித் தலைவன். பஜாரில் செருப்புக்கடை வைத்திருப்பவன்.

“என்னக்கா, அலமாரியெல்லாம் இப்பத்தான் பளிச்சுனு இருக்கு!”

“பாதி காலியா இருந்தா பளிச்சுனுதான் இருக்கும்.”

“இங்க பாருக்கா, நான் உனக்கு எதிரி இல்ல. கமிட்டியில பேசுறதைச் சொல்றேன். பஸ்கா பண்டிகை வரைக்கும் பொம்பளைங்க கூட்டம் கூடுச்சுன்னா நூலகம் இருக்கும். கூடலைன்னா இங்க ரெண்டு கட்டிலைப் போட்டு, வெளிநாட்டுக்காரங்களுக்கு வாடகைக்கு விடப் போறாங்க.”

“கட்டில்ல படுத்துக்கிட்டு வேதம் படிப்பாங்களா?”

“கால்தான் தேஞ்சுது உனக்கு. நாக்கு தேயல.” சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் இருவரும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். வா, வா என்று போனில் கூப்பிடுகிறார்கள். அங்கே போனால் அவள் பேரன்களுக்குக் காவல் கிடக்கும் கிழவி. இங்கே ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவள். புதன்கிழமை நர்ஸைக் கூட்டி வந்து வயசானவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வைப்பவள். செவ்வாய்க்கிழமை, பஜாரில் கூவி விற்கிற பெண்களைக்கூட உட்கார வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்க வைப்பவள். இந்த அறை போனால் அவளும் போனாள்.

அலமாரியைக் காலி செய்தது போன வாரம். கிழிந்துபோன வேதப் புத்தகத்தை எரிக்கக்கூடாது, குப்பையில் போடக்கூடாது. கடவுள் பெயர் அச்சான தாள். மனிதரைப் போலக் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். அது எல்லா ஊர் யூதர்களுக்கும் உள்ளதுதான். இந்த ஆலயத்தில் கூடுதலாக ஒன்று உண்டு. இங்கிருக்கும் புத்தகங்களில் பாதிக்கு மேல் செத்துப்போனவர்கள் பெயரால் கொடுத்தவை. முதல் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கும். யாராவது எடுத்துப் படிக்கும்போதெல்லாம் அந்த ஆத்மாவுக்கு நல்லது என்பது நம்பிக்கை. அதனால் மூட்டை கட்டும்போது ஒவ்வொரு புத்தகத்தையும் திறந்து, பெயரைச் சத்தமாக வாசித்து, ‘உன் புத்தகம் மண்ணுக்குப் போகிறது, நீ இளைப்பாறு’ என்று சொல்லித்தான் சாக்கில் போட வேண்டும்.

பஹ்மால் சொல்லவில்லை. மழை பிடித்துக்கொண்டது. ஹிஸ்கியோ அனுப்பிய லாரிக்காரன் வாசலில் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். கால் வேறு உயிரை எடுத்தது. கையில் அகப்பட்டதை அள்ளித் திணித்து, சாக்கு வாயைக் கட்டிவிட்டாள். தாள்தானே என்றிருந்தது அவளுக்கு.

மதியத்துக்கு மேல் பெண்கள் வந்தார்கள். உலர்பழக் கடைக்காரி புலோர் வரும்போதே மூக்கைப் பிடித்தாள்.

“என்னக்கா இது, உருளைக்கிழங்கு மூட்டையை அவுத்துப் போட்டியா?”

“உன் வாயை மூடிட்டு உக்காரு. மழை ஈரம்.”

“மூக்கை மூடவா, வாயை மூடவா? ரெண்டையும் மூடினா செத்துருவேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நாண் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்கள். வழக்கம் போல மின்சாரம் போனது. ஜன்னல் வழியே வந்த சாம்பல் வெளிச்சத்தில் புலோர் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். பக்கம் முடிந்தது. எல்லோரும் சேர்ந்து பக்கத்தைத் திருப்பினார்கள்.

திருப்பி முடித்த பிறகு, இன்னொரு பக்கம் திரும்பியது.

யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பஹ்மால் நிமிர்ந்து பார்த்தாள். எல்லோர் கையும் மேஜைமேல் சும்மா இருந்தது.

அடுத்த பக்கத்துக்கும் அப்படியே. எல்லோரும் திருப்பினார்கள். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, நனைந்த தாள் கனத்துத் திரும்புகிற சத்தம். ஒன்றில்லை. இரண்டு, மூன்று இடத்திலிருந்து.

மேஜைக் கோடியில் தோவோய் சித்தி இருந்தாள். பார்வை மங்கியவள். படிக்க முடியாது, கேட்கத்தான் வருவாள். தன் இடப்பக்கமாகக் கையை நீட்டித் தடவியவள், கிசுகிசுத்தாள்.

“யாரும்மா நீ? கை இப்படிச் சில்லுனு இருக்கு… கிட்ட வா, அடுப்புப் பக்கம் உக்காரு.”

அவள் இடப்பக்கம் இருந்தது காலி நாற்காலி.

புலோர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“சித்தி, அங்க யாரும் இல்ல.”

“இல்லையா?” சித்தி கையை இழுத்துக்கொண்டு விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தாள். “அப்ப இது என்னடி?”

விரலில் சேறு.

அடுத்த செவ்வாய்க்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். ஒருத்திக்குச் சளி, ஒருத்திக்கு மருமகள் பிரசவம், ஒருத்தி போனையே எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தவர்கள் புலோரும் தோவோய் சித்தியும் மட்டும். ஆனால் மேஜையைச் சுற்றி நாற்காலிகள் போட்டபடி இருந்தன. சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போனவை அவை. உட்காருகிற ஆளுக்கு இடம் விட்டு ஒவ்வொன்றும் பின்னால் இழுத்திருந்தது. பலகைகள் ஈரமாக இருந்தன.

கூட்டம் கூடியிருந்தது.

“கட்டிலுக்கு அளவெடுக்க ஆசாரியை வரச் சொல்லிட்டேன். என்மேல வருத்தப்படாதக்கா” என்றான் ஹிஸ்கியோ முற்றத்தில் வைத்து. அறைக்குள் கால் வைக்கவில்லை. அவனுக்கும் வாடை எட்டியிருந்தது.

பஹ்மால் அன்றே பஸ் பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். காவல்காரன் ரஜப், தாஜிக் இனத்தவன், முஸ்லிம். ஊர் யூதர்கள் பாதிப் பேரை மண்ணில் இறக்கிவிட்டவன்.

“ரஜப், அந்த மூட்டைங்களை வெளிய எடுக்கணும்.”

அவன் சிகரெட்டை அணைத்தான். “புதைச்சதைத் தோண்டுறதா? என்னக்கா பேசுற?”

“உள்ள இருக்கிற பேரைப் படிக்கணும். பெரிய தப்புப் பண்ணிட்டேன்.”

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். “நீ இதைப் போட்டதுலேர்ந்து என் நாய் இந்தப் பக்கம் வர்றதில்ல. சோறு வச்சுக் கூப்பிட்டாலும் வர மாட்டேங்குது. ஏன்னு இப்பத்தான் தெரியுது.”

மண் இளகிக் கிடந்தது. முதல் சாக்கின் வாயை அறுத்ததும் இருவரும் பின்வாங்கினார்கள். மழைத்தண்ணீர் முழுக்க உள்ளே இறங்கியிருந்தது. புத்தகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கூழ். அவள் மண்டியிட்டு, முழங்கால் கத்த, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். அட்டைகள் தோல் தோலாகக் கழன்று வந்தன. முதல் பக்கம், கடைசிப் பக்கம் எல்லாம் ஒரே கரைசல். எழுத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை. மற்ற சாக்குகளும் அப்படித்தான்.

“மூடிரலாம்க்கா” என்றான் ரஜப் மெதுவாக. “உன் கைக்குப் பக்கத்துல இன்னொரு கை துழாவுற மாதிரி இருக்கு எனக்கு.”

அவள் கையை உருவிக்கொண்டாள்.

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

திரும்பி வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. புலோர் கடைக்குப் போனாள். பிறகு ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். எல்லோரிடமும் ஒன்றையே சொன்னாள்: “நாளைக்கு மதியம் வாங்க. வராட்டி அந்த அறையில நான் தனியா உக்காரணும்.”

வந்தார்கள். பயந்துகொண்டு, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, எல்லோரும் வந்தார்கள். இழுத்துக் கிடந்த நாற்காலிகளைத் தொடாமல் சுவரோரமாக நின்றார்கள். பஹ்மால் சுற்றி வளைக்காமல் சொன்னாள். பெயர் வாசிக்காமல் மூட்டை கட்டியதைச் சொன்னாள். கூழாகிப்போனதைச் சொன்னாள்.

புலோரின் முகம் சிவந்தது. “எங்கம்மா புத்தகம்? நான் கொடுத்த பச்சை அட்டை வேதச் சங்கீதம்?”

“அதுவும்தான்.”

“அடிப்பாவி! எங்கம்மா உசுரோட இருக்கும்போதே யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிடலைன்னா வீட்டுக்குள்ள வர மாட்டா. அவளைப் போய்… சாக்குல போட்டுக் கட்டிருக்கியே!”

“திட்டு. எவ்வளவு வேணா திட்டு. ஆனா முதல்ல பேரைச் சொல்லு. யார் யார் புத்தகம் இங்க இருந்துச்சுன்னு உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். எனக்கு அட்டை நிறந்தான் தெரியும்.”

புலோர் மூக்கை உறிஞ்சினாள். மேஜையைப் பார்த்தாள்.

“ஓய்மோ. யாகோவ் மகள் ஓய்மோ.”

பஹ்மால் திருப்பிச் சொன்னாள். “யாகோவ் மகள் ஓய்மோ, உன் புத்தகம் மண்ணுக்குப் போயிடுச்சு. நீ இளைப்பாறு.”

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஜன்னலோர நாற்காலி, கால்கள் தரையில் உரச, மெல்ல மேஜைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. எழுந்து போகிறவர் ஒழுங்காகத் தள்ளிவிட்டுப் போவதுபோல.

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். புலோர் அழவில்லை. “அவதான்” என்றாள். “எங்கம்மா நாற்காலியைத் தள்ளாம போக மாட்டா.”

அதற்குப் பிறகு நின்றவர்கள் ஒவ்வொருத்தியாக வாயைத் திறந்தார்கள். கணவன் பெயர். மாமியார் பெயர். பிறந்து பேர் வைத்த அன்றே போன குழந்தையின் பெயர். சாயம் தோய்க்கிற நெரியோ. பல்லிளித்துக்கொண்டே பாடுவாரே, அந்த மொஷியாஹ். தோவோய் சித்தி கண் தெரியாமலே யார் எந்தப் புத்தகம் கொடுத்தார்கள் என்று வரிசையாக எடுத்துக்கொடுத்தாள். பஹ்மால் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். நாற்காலிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. தொண்டை கட்டி, கால் மரத்து, அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மண் வாடை இறங்கிக்கொண்டே வந்தது.

முற்றிலும் போகவில்லை.

ஒரு நாற்காலி மிச்சம்.

“யாரு?” என்றாள் பஹ்மால். “வேற யாரு கொடுத்தா?”

யாருக்கும் தெரியவில்லை. தோவோய் சித்தி நெற்றியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அமெரிக்காவுக்குப் போனவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள். தோன்றிய பெயரையெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தப்பான பெயருக்கும் அந்த நாற்காலிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. அட்டையைத் திறந்து முதல் பக்கத்தைத் திருப்புகிற சத்தம்.

பார்த்துச் சொல் என்பதுபோல.

பஸ்காவுக்குக் கூட்டம் கூடியது. முன்பு வராதவர்கள்கூட வந்தார்கள். “வராம இருந்தா நாளைக்கு நம்ம பேரையும் இவ சாக்குல கட்டிருவா” என்று புலோர் பஜார் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். ஆசாரி அளவெடுக்க வந்தான். களைப்பில் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து, உடனே எழுந்து, நனைந்த கால்சட்டையைப் பார்த்தான். அளவுநாடாவை மறந்துவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. ஹிஸ்கியோ அதன்பிறகு கட்டில் பேச்சை எடுக்கவில்லை.

அறை மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் எழுத்துப் படிக்கிறார்கள். புதன்கிழமை நர்ஸ் வருகிறாள். செவ்வாய்க்கிழமை பெண்கள் வாசிக்கிறார்கள், எல்லோரும் திருப்பி முடித்த பிறகு ஒரே ஒரு பக்கம் தனியாகத் திரும்புகிறது. இப்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்த இடத்துக்கும் ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றி வைக்கிறார்கள். பஹ்மால் மட்டும் அறையைப் பூட்டுமுன் அந்த நாற்காலிக்கு எதிரே போய் நிற்கிறாள். ஊரில் அவள் கேட்டுத் தெரிந்துகொண்ட புதுப் பெயர் ஒன்றைச் சொல்கிறாள். காத்திருக்கிறாள்.

முதல் பக்கம் திரும்புகிறது.

அவள் அதற்குப் பட்ட கடன் ஒரு பெயர். அது இன்னும் பாக்கி.