பக்தவத்சலம் வீட்டுக் கேபிள்

அந்தக் கேபிள் சுருள் உருண்டு அவன் காலில் விழுந்தபோது இரண்டு பேருமே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

போர்ட் பிளேரில் சாத்தம் ஜெட்டியிலிருந்து ஜங்லிகாட் போகும் சாயங்கால பஸ். வெளியே மழை… ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்களுக்கு உள்ளேயும் மழை. மங்கையர்க்கரசி காலையிலிருந்து கப்பல் ஆபீசில் டைப் அடித்துவிட்டு, இரண்டு நாள் தாமதமாக வந்த கப்பலின் பார்சலுக்காக இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றிருந்தாள். சுருளை மடியில் வைத்துப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள். பிடி எப்போது நழுவியதோ…

"ஐயோ அம்மா!"

எதிர் சீட்டில் காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பார்த்து உக்காரக் கூடாதா?" என்றாள் மங்கை. தப்பு தன்னுடையது என்று தெரிந்ததால் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

"எப்படிங்க பாக்குறது? தூங்கிட்டில்ல இருந்தேன்…"

"நானும்தான் தூங்கிட்டிருந்தேன்."

"அப்போ ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. டீக் ஹை."

சிரித்தான். நாள் முழுக்கக் கம்பம் ஏறி இறங்கிய முகம் அது, சிரிப்பதற்குக் கூடத் தெம்பில்லாத முகம். ஆனால் அந்தக் கண்கள்… மழை பெய்து ஓய்ந்த மாதிரி அப்படி ஒரு தெளிவு. மங்கை சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் சுருளைத் தூக்கிப் பார்த்தான். "அரே! இதுல ஜெட்டி கிரேனையே ஓட்டலாமே. எதுக்குங்க?"

"ரேடியோகிராமுக்கு. கரண்டு வயரை மாத்தினா பாட்டு தெளிவா கேக்கும்னு அப்பா…"

"பவர் ஹவுஸ்லேந்து உங்க வீடு வரைக்கும் கரண்டு சாதாக் கம்பியிலதானே வருது? கடைசி ஆறடி மட்டும் இப்படிப் போட்டா என்ன, குளிச்சு முழுகிட்டா வரும்?"

மங்கைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அப்பாவை யாரோ ஒருவன் கேலி செய்வதாவது!

"இது மெயின்லேண்ட் சரக்கு. மெட்ராஸ்லேந்து வருது. எங்கப்பாவை விட உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. நான் வெறும் வயர்மேன்."

"ஜங்லிகாட்! ஜல்தி உத்ரோ!" என்று கண்டக்டர் கத்தினார். அவன் நொண்டியபடியே சுருளைத் தூக்கிவந்து படியில் கொடுத்தான். மழையில் நடந்து வீடு போய்ச் சேரும் வரை குளித்து முழுகி வரும் கரண்டை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டே போனாள் மங்கை. கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

மங்கையின் அப்பா பக்தவத்சலம் அரசாங்க ஆபீசில் ஹெட் கிளார்க். திருச்சியை விட்டு போர்ட் பிளேர் வந்து இருபது வருஷம் ஆகியும், நல்ல பொருள் என்றால் கப்பலில்தான் வர வேண்டும் அவருக்கு. அப்பளம், குடை, காலண்டர்… மாப்பிள்ளையும் அப்படித்தான். திருச்சியில் பாங்கு உத்தியோகம். போன கப்பலில் போட்டோ வந்தது. வருகிற வெள்ளிக்கிழமைக் கப்பலில் அப்பாவும் பெண்ணும் போய் நிச்சயம் செய்துகொள்வதாக ஏற்பாடு. மங்கைக்கு இருபத்தெட்டு வயது. அம்மா போய்ப் பத்து வருஷம். போட்டோவை நீட்டிய அன்று அவள் ஆபீஸ் வேலையும் அடுப்பு வேலையும் முடித்து உட்கார்ந்திருந்தாள். மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் தலையாட்டி வைத்தாள்.

தலையாட்டுவது அந்த வீட்டில் அவளுக்குத் தினசரி வேலை. ராச்சாப்பாடு ஆனதும் அப்பா அவளை ரேடியோகிராம் எதிரே உட்கார வைப்பார். ஒரே நாதஸ்வர ரெக்கார்டு. "இப்ப எப்படி இருக்கு? நேத்தைக்கு இன்னிக்குத் தெளிவா இல்ல?" இரண்டு வயர் மாற்றியாயிற்று. கரகரப்பு போகவில்லை. இருந்தாலும் "நல்லா இருக்குப்பா…" என்பாள். சொன்னால்தான் படுக்கப் போகலாம்.

மெட்ராஸ் கேபிளின் தடிமனுக்கு வீட்டு பிளக் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாற்றிக் கொடுக்க வயர்மேன் வந்தான்.

அவனேதான்! பெயர் திருநாவுக்கரசு என்றான் அப்பாவிடம். வடக்கே இன்னொரு தீவில், ரங்கத்தில் வளர்ந்தவனாம். மங்கை காபி டம்ளரோடு கதவோரம் நின்றாள். 'கால் வலி எப்படி?' என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு ராஜமாணிக்கம் வாத்தியார் வேறு புதுக் கேபிளின் பெருமையைக் கேட்க வந்து உட்கார்ந்திருந்தார். திருநாவுக்கரசு பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தான். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஊசியைத் தூக்கி ரெக்கார்டில் வைத்தார். கண்ணை மூடினார்.

"ஆஹா… கேட்டீரா வாத்தியாரே! வாசிக்கிறவர் மூச்சு வாங்குறது கூடக் கேக்குது! அதான் மெயின்லேண்ட் கேபிள்ங்கிறது!"

திருநாவுக்கரசு மெல்ல எழுந்தான். "சார்… நான் இன்னும் மாத்தவே இல்ல. இப்பதான் புதுக் கேபிள்ல பிளக்கை மாட்டிட்டிருக்கேன். ஓடுறது பழைய வயர்லதான்."

வாத்தியாருக்குக் காபி புரையேறியது. சிரிப்பை மறைக்க அவர் இருமிய இருமல் தெருவுக்கே கேட்டிருக்கும். அப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது.

"வெளிய போய்யா! தீவுல வளந்தவனுக்கு நாதஸ்வரத்தைப் பத்தி என்ன தெரியும்?"

அவன் ஸ்குரு டிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கேட் வரை மங்கை பின்னாலேயே போனாள்.

"வாத்தியார் எதிர்ல உண்மையைச் சொல்லியே ஆகணுமா?"

"பொய் சொல்ல வரலைங்க…"

"நான் தினமும் சொல்றேன். பழகினா வந்துடும்."

அவன் அவளையே பார்த்தான். "அதனாலதான் இவ்வளவு களைப்பா இருக்கீங்களா?"

மங்கை கேட்டைச் சாத்தினாள். அவன் உடனே போகவில்லை. காற்றில் வாசல் பல்பு விட்டுவிட்டு மங்குவதைப் பார்த்தான். பிறகு தெருவிளக்குக் கம்பத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் நடந்தான்.

வேறு ஆள் வந்து கேபிளை மாட்டிவிட்டுப் போனான். கரகரப்பு அப்படியே இருந்தது. இப்போது அப்பாவின் குரலிலேயே சந்தேகம். "நல்லாத்தானே இருக்கு? நிஜமா சொல்லு…" ஒரு தடவைக்கு நாலு தடவை கேட்டார். மங்கை தலையாட்டினாள். பெட்டியில் பாதிப் புடவை அடுக்கியாயிற்று. மீதியை அடுக்கக் கை வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மழையில் வீடு திரும்பினால்… கம்பத்தின் மேல் அவன்!

"யார் கூப்பிட்டா உங்களை?"

"யாரும் கூப்பிடல. டியூட்டி முடிஞ்சுது, சும்மாத்தான்…"

"மழையில சும்மா கம்பம் ஏறுவாங்களா? இறங்குங்க! ஷாக் அடிச்சா?"

"ஃப்யூஸைப் புடுங்கிப் பையில வெச்சிருக்கேங்க. கடல் காத்துல ஜாயிண்ட் பூரா பச்சை பூத்துக் கெடக்கு. காத்தடிச்சா கம்பி ஆடுது, லைட்டு மங்குது, பாட்டும் கரகரங்குது. அன்னிக்கே பாத்தேன். இதுக்கு வீட்டுக்குள்ள எந்த வயரைப் போட்டும் ஃபாய்தா இல்ல."

சுரண்டினான், முறுக்கினான், இறங்கினான். ஃப்யூஸைப் போட்டதும் வாசல் பல்பு பளிச்சென்று எரிந்தது. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து நாதஸ்வரம் வந்தது. ஒரு கரகரப்பு இல்லை. மங்கைக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாளாகக் கேட்ட ரெக்கார்டா இது?

அப்பா பனியனோடு வாசலுக்கு ஓடி வந்தார். "மங்கை! கேட்டியா? புதுக் கேபிள் செட் ஆக நாலு நாள் பிடிக்கும்னு எனக்குத் தெரியும்!" அப்புறம்தான் அவனைப் பார்த்தார். "வாய்யா! இப்ப என்ன சொல்ற?"

திருநாவுக்கரசு மங்கையை ஒரு தடவை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"ஆமா சார்… கேபிள்தான். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சத்தத்தைக் கூட்டி வைக்க உள்ளே ஓடினார்.

"பொய் சொல்ல வராதுன்னீங்களே…" என்றாள் மங்கை.

"வரலதான். கஷ்டப்பட்டுச் சொன்னேன்."

"எதுக்கு?"

அவன் முகத்து ஈரத்தைத் துடைத்தான். "அவருக்குத் திருப்தி ஆயிட்டா உங்களை உக்கார வெச்சுக் கேள்வி கேக்க மாட்டாரு… நீங்களும் சீக்கிரம் படுக்கலாம். வெள்ளிக்கிழமை கப்பல்னு வாத்தியார் சொன்னாரு. போறதுக்குள்ள ரெண்டு நாளாவது நல்லாத் தூங்குங்க. அதான்… வேற ஒண்ணுமில்ல. நான் வரேங்க."

வேற ஒண்ணுமில்லையாம்! மங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெற்ற அப்பாவுக்குத் தெரியாத களைப்பு, நாலு நாள் பழகாத இவனுக்கு எப்படித் தெரிந்தது? இவனை இப்படியே மழையில் அனுப்பிவிட்டுக் கப்பலேறினால்… அங்கே போய் ஆயுசு முழுக்கத் தலையாட்ட வேண்டியதுதான்.

"அப்பா! இங்க வாங்க!"

அப்பா வந்தார்.

"கேபிள் இல்லப்பா. இவர் கம்பத்துல ஏறி ஜாயிண்ட்டைச் சரி பண்ணினார். நீங்க வருத்தப்படக் கூடாதுன்னு பொய் சொல்றார். நானும் பொய்தான் சொன்னேன். மூணு வயருக்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியலப்பா."

"மங்கை…"

"அந்த போட்டோவுக்குத் தலையாட்டினதும் பொய். கப்பல்ல நான் ஏறப் போறதில்ல. எனக்கு… எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டாள்! திருநாவுக்கரசு அசையாமல் நின்றான். அப்பா மகளைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஊசி ரெக்கார்டின் கடைசிக்குப் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது.

"நீ சொல்லுய்யா," என்றார் கடைசியில். "வாத்தியார் எதிர்ல சொன்னியே, அந்த மாதிரி உள்ளதைச் சொல்லு."

"பிடிச்சிருக்கு சார். ரொம்பப் பிடிச்சிருக்கு. இவங்க போயிட்டா இந்தத் தெருப் பக்கமே டியூட்டி வேண்டாம்னு ஆபீசுல கேக்கலாம்னு இருந்தேன்."

அப்பா எழுந்து உள்ளே போய் ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு வந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"தலையைத் துவட்டிட்டு உள்ள வா. மங்கை, திருச்சிக்கு ஒரு லெட்டர் போடணும். நான் சொல்லச் சொல்ல எழுதுறியா?"

"நாளைக்கு எழுதுறேம்ப்பா," என்றாள். "இன்னிக்கு எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு."

அந்த வீட்டில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.