பிரகதியின் எடைக்கு வெல்லம்

வருகிற வெள்ளிக்கிழமை பிரகதீஸ்வரியைத் தராசில் உட்கார வைக்கப் போகிறார்கள்.

மாரியம்மன் கோயில் வேப்பமரத்தில் பெரிய தராசு தொங்கும். ஒரு தட்டில் பிரகதி, இன்னொரு தட்டில் வெல்லம். எடைக்கு எடை. அவள் பிறந்தபோது அம்மா வேண்டிக்கொண்டாராம். இப்போது அவளுக்குப் பத்து வயது. அப்பா சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த பிறகுதான் அதற்கு நேரம் கூடி வந்தது.

பிரகதி கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். விடுவார்களா?

"வெல்லத்துக்கு லாரிதான் சொல்லணும் போல!" என்றார் புவனேஸ்வரி அத்தை.

"தராசுக் கயிறு தாங்குமா? தேர் வடத்தைக் கேட்டுப் பாப்போமா?" என்றார் கடைக்காரச் சேவுகன் சித்தப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். பிரகதியும் சிரித்து வைத்தாள். ஆனால் வாயில் இருந்த இட்லி உள்ளே இறங்கவில்லை.

ஊரே கூடி நிற்கும். வெல்லத்தை வைத்துக்கொண்டே இருப்பார்கள். தட்டு அசையாது. அப்போது எல்லாரும் எப்படிச் சிரிப்பார்கள்! நினைத்தாலே அழுகை வந்தது அவளுக்கு.

அதனால் அவள் ஒரு வேலை செய்தாள். காலை இட்லியைக் கொல்லையில் கட்டியிருந்த செவலை என்ற ஆட்டுக்குட்டிக்குக் கொடுத்தாள். சாயங்காலப் பணியாரமும் செவலைக்குத்தான். மூன்றே நாளில் செவலை பளபளவென்று ஆகிவிட்டது. பிரகதிக்குத்தான் தலை சுற்றியது.

வியாழக்கிழமை சாயங்காலம் முந்திரி மரத்தடியில் போய்ச் சாய்ந்தாள். மூக்குக்குப் பக்கத்தில் எருக்கம் பஞ்சு ஒன்று மிதந்து போனது.

"என்னையும் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டாள்.

அது கூட்டிக்கொண்டு போனது! வேலிக்கு மேலே, கண்மாய்க்கு மேலே, இன்னும் மேலே. திருமயம் கோட்டை உள்ளங்கை அளவுக்குத் தெரிந்தது. ரோட்டில் பஸ்கள் எறும்பு போல ஊர்ந்தன. ஆகா, உடம்பு என்ன லேசு!

கோயில் வந்தது. தராசுத் தட்டில் உட்கார்ந்தாள். எதிர்த்தட்டில் ஒரே ஓர் அச்சு வெல்லம் வைத்தார்கள். அவ்வளவுதான், அவள் தட்டு மேலே போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் கீழே சின்னப் பிள்ளைகள் வெல்லத்துக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரே ஓர் அச்சை யாருக்கென்று கொடுப்பது? அவள் யோசிப்பதற்குள் காற்று வந்து அவளைத் தூக்கியது.

"அம்மா, என்னைப் புடிச்சுக்கங்க!"

அம்மா எம்பி எம்பிப் பார்த்தார். கை எட்டவில்லை.

திடுக்கிட்டு விழித்தாள். செவலை அவள் சடையை மென்றுகொண்டிருந்தது.

"பிரகதி! சாமி மாடத்துல மஞ்சத்துணி முடிச்சு இருக்கும். எடுத்துக்கிட்டு இங்கிட்டு வா" என்று வீட்டுக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டார்.

வேண்டிக்கொண்ட அன்று காசு முடிந்து வைத்த துணி அது. பிரகதி அவிழ்த்தாள். உள்ளே மஞ்சள் ஏறிய ஒரு ரூபாய்க் காசு. கூடவே, ஆஸ்பத்திரியில் குழந்தையின் கையில் கட்டும் ஒரு பட்டை. அது அவள் கட்டைவிரலுக்குத்தான் சரியாக இருந்தது. 'அழகி குழந்தை, 1 கிலோ 100 கிராம்' என்று எழுதியிருந்தது.

"இது யாரும்மா?"

"நீதான்டி, இந்த அழகி பெத்த புள்ள. ஏழாம் மாசமே பொறந்துட்ட. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. நர்ஸம்மா தெனமும் எடை போடுவாங்க. இருபது கிராம் கூடியிருந்தா அன்னைக்குத்தான் எனக்குச் சோறு எறங்கும். 'எம்புள்ளையத் தூக்குனா கை கனக்கணும், அந்தக் கனத்துக்கு வெல்லம் தாரேன் ஆத்தா'ன்னு வேண்டிக்கிட்டேன்."

பிரகதி பட்டையைக் கட்டைவிரலிலிருந்து கழற்றினாள்.

"அப்புறம் ஏம்மா, லாரி சொல்லணும்னு அத்தை சொன்னப்ப நீங்களும் சிரிச்சீங்க?"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"சிரிச்சிருக்கக் கூடாது. தப்புத்தான்டி."

பிரகதி பட்டையை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இட்லி இருக்காம்மா? ரொம்பப் பசிக்குது."

கொல்லை வாசலில் செவலை எட்டிப் பார்த்தது.

"ஒனக்கு இல்ல, போ!"

மறுநாள் கோயிலில் நல்ல கூட்டம். தராசு தொங்கியது. பிரகதி தட்டில் ஏறி உட்கார்ந்தாள். தட்டு தரையில் பதிந்தது. புவனேஸ்வரி அத்தை சிரித்துக்கொண்டே, "மெதுவா ஆத்தா, கயிறு..." என்று ஆரம்பித்தார்.

பிரகதி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, பொறந்தப்ப நான் ஒரு கிலோ நூறு கிராம்தான். இந்தக் கனம் வேணும்னுதான் அம்மா ஆத்தாகிட்டக் கேட்டாங்க. நீங்களே ஒங்க கையால வெல்லம் வைங்க. நெறைய வைங்க அத்தை, புள்ளைங்கல்லாம் காத்துக்கிட்டு நிக்குதுங்க."

அத்தையின் சிரிப்பு நின்றது. அந்தக் கண்ணாடிப் பெட்டியை அவரும் பார்த்தவர்தானே! மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகினார்.

"தள்ளுங்கப்பா, எம்மருமகளுக்கு நான் வைக்கிறேன்."

வெல்லம் ஏறிக்கொண்டே இருந்தது. "இன்னும் ஒண்ணு! இன்னும் ஒண்ணு!" என்று பிள்ளைகள் குதித்தார்கள். எத்தனை கிலோ என்று யாரும் கேட்கவில்லை. சேவுகன் சித்தப்பாகூடக் கேலி பேசாமல் மூட்டையை அவிழ்த்துக் கொடுத்தார்.

கடைசி உருண்டை விழுந்ததும் பிரகதியின் தட்டு மெல்ல அசைந்தது. தரையை விட்டு எழும்பியது.

பிரகதி மிதந்தாள். நேற்றுப் போலவேதான், ஆனால் இந்தத் தடவை அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில்.