ஓட்டை அடைக்கும் வாரம்

போன் அலறியது.

மாட்டுப்பட்டி எஸ்டேட் ஆபீசில் லீவு லெட்டர் டைப் அடித்துக்கொண்டிருந்த ஜோஜோ எடுத்தான்.

"ஏனுங்ணா... தமிழ்ப்ரியா பேசறனுங்க. பூபதியண்ணன் போயிட்டானுங்க... கெணத்துல..."

ஜோஜோவின் காதுக்குள் மூணாறு மலை மொத்தமும் சரிந்தது.

பூபதியின் ஊரான பெருமாட்டியில், அவன் வீட்டுத் தென்னந்தோப்புக் கிணற்றைச் சுற்றி நின்ற கூட்டத்தை வைத்து ஒரு பஞ்சாயத்துத் தேர்தலையே நடத்தி, ஓட்டும் எண்ணி முடித்திருக்கலாம்!

படியில் பாசி. வழுக்கி விழுந்துவிட்டான் என்றார்கள்.

மூன்றாம் நாள், போலீஸ் ஸ்டேஷனில், எஸ்.ஐ. ஆன்மேரியின் எதிரே உட்கார்ந்திருந்தான் ஜோஜோ. மறையூர்க்காரி. தமிழ் சரளமாக வரும். இரக்கம் சிக்கனமாக வரும்.

"திங்கக்கிழம இத ஆக்சிடென்ட்னு எழுதி முடிக்கப் போறேன். உனக்கு என்ன?"

"அது கொல மேடம். அவங்க அப்பாதான்."

"சாயங்காலம் நாலுல இருந்து எட்டுக்குள்ள செத்திருக்கான். அவன் அப்பா சென்னிமலையும் தங்கச்சியும், எல்லாரும் அஞ்சு மணிக்கே கோபாலபுரத்துல கல்யாண வீட்டுல. ஏழு பத்துக்கு உன் போனுக்கு அவன் மெசேஜ் வந்திருக்கு. 'எழுதிட்டு இருக்கேன், நாளைக்குப் பேசலாம்'னு. அப்ப உசுரோட இருந்திருக்கான்ல?"

"அத அவன் அனுப்பல மேடம்."

"பேயா அனுப்புச்சு?"

ஜோஜோ போனை நீட்டினான்.

"இந்தக் கதையப் படிங்க."

புளூட்டோ வட்டம்! அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் கூடும் இணையக் குழு. ஆண்களைக் காதலிக்கும் ஆண்கள். கிரகப் பட்டியலிலிருந்து புளூட்டோவைத் தள்ளியது போலத் தங்களையும் தள்ளிவிட்டதால் அந்தப் பெயர். எல்லாருக்கும் புனைபெயர். எல்லாருக்கும் ஒரே வியாதி... அடுத்தவன் கதையில் ஓட்டை கண்டுபிடிப்பது! எந்தக் கதையும் 'ஓட்டை அடைக்கும் வாரம்' தாண்டாமல் வெளியே வராது. பூபதிராஜாவும் ஜோஜோவும் காதலித்ததே, ஒருவர் கதையில் ஒருவர் நூற்றிப் பதினேழு ஓட்டை கண்டுபிடித்த பிறகுதான்.

ரெண்டு மாதம் முன்னால், 'சனிக்கிரகன்' என்ற புது ஆள் ஒரு கதை போட்டிருந்தான். விண்கலத்தில் ஒரு குடும்பம். வேறொரு கலத்து ஆணைக் காதலிக்கும் மகனைத் தண்ணீர்த் தொட்டியில் தள்ளிக் கொல்கிறது. பூபதியைப் போலவே நீச்சல் தெரியாதவன்.

ஆன்மேரி படித்தாள். புருவம் ஏறியது.

"தொட்டிப் படியில பாசி இருக்கட்டும், தானா வழுக்கின மாதிரி தெரியும்னு ஒருத்தர் திருத்தம் சொல்லியிருக்கார். யாரு?"

"பூபதிதான்."

"குடும்பத்த பக்கத்துக் கலத்துக்குக் கல்யாணத்துக்கு அனுப்பிருங்கன்னு?"

"டின்டுன்னு ஒருத்தன். கொச்சியில இருக்கான். ரொம்ப நல்லவன் மேடம்."

"செத்தவன் கருவியில இருந்து, கொஞ்ச நேரம் கழிச்சு, காதலனுக்கு ஒரு செய்தி போகட்டும்... அப்பதான் சந்தேகம் வராதுன்னு?"

ஜோஜோ தரையைப் பார்த்தான்.

"நான்தான் மேடம்."

மேலே சுற்றிய மின்விசிறி கூட ஒரு சுற்றை விட்டுவிட்டது.

"அடப் பாவிகளா. பதினேழு பேரு சேந்து ஒரு கொலைய செதுக்கிக் குடுத்திருக்கீங்க. அவன் போன கல்யாண வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அனுப்பியிருந்தாலும் டவர் காட்டிக் குடுக்காது. ரெண்டு ஊருக்கும் ஒரே டவர். கதையில யார் வேணாலும் என்ன வேணாலும் எழுதலாம். இது கோர்ட்ல நிக்காது."

"இன்னொரு ஓட்டை இருக்கு மேடம். அவங்க அப்பா போன நோண்டுவாரு. அதனால நாங்க நாலு வருஷமா எழுத்துல பேசினதே இல்ல. குரல் மட்டும்தான். கேட்டதும் அழிச்சிருவோம். எழுத்துல வந்த ஒரே மெசேஜ் அதுதான். அவன்ட்ட இருந்து வந்ததே போதும்னு அன்னைக்கு சந்தேகப்படாம இருந்துட்டேன்."

ஆன்மேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இதுக்கு சாட்சி?"

"நான் மட்டும்தான்."

"அப்ப திங்கக்கிழம மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நீ மொழி, அதான் வாக்குமூலம், குடுக்கணும். நீ அவனுக்கு யாருன்னு கேப்பாங்க. பேப்பர்ல வரும். எஸ்டேட் லயத்து வீட்டுல இருந்து உங்கம்மா தல நிமிந்து கோயிலுக்குப் போக முடியாது."

"உள்ளதச் சொல்லுதேன். அவன் வழுக்கி விழுந்தான்னு எழுதவிட மாட்டேன்."

"அதுவர யார்ட்டயும் வாயத் தொறக்காத."

வாசலில் காரோடு காத்திருந்தாள் பூபதியின் தங்கச்சி தமிழ்ப்ரியா. அழுது அழுது கண் கோவைப்பழம்.

"பஸ்சு எதுக்குங்ணா, நானே கொண்டாந்து உடறேன். பின்னால உக்காருங்க. முன்னால உக்காந்தா ஊரு பேசுமுங்க."

உடுமலை தாண்டி, மறையூர் தாண்டி, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே கார் ஏறியது. மதியம் மூன்று மணிக்கே மூடுபனி, ஊரையே ஒரு கோணிக்குள் போட்டுக் கட்டிவிட்டது!

ஜோஜோ வாயைத் திறக்கவில்லை. ஆனால் விரல்? பதினோரு வருடப் பழக்கம் ஆயிற்றே! முடிக்காத ஓட்டையைப் பார்த்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அந்தச் சனிக்கிரகன் பதறட்டும் என்று கதையின் கீழே தட்டினான்.

'ஓர் ஓட்டை மிச்சம். அந்தக் காதலர்கள் குரலில் மட்டுமே பேசுவார்கள். எழுத்தில் செய்தி வந்தாலே அது கொலைகாரன் அனுப்பியது. காதலன் வாயைத் திறந்தால் குடும்பம் காலி.'

அடுத்த வளைவில் கார் நின்றது. இறக்கம் பார்த்து.

"ஒரு நிமிசமுங்ணா. ஒரு மெசேஜ் அனுப்போணும்."

தமிழ்ப்ரியா போனில் தட்டினாள்.

ஜோஜோவின் போன் சிணுங்கியது.

'சனிக்கிரகன்: அருமையான கவனிப்பு. நன்றி. திருத்திவிடுகிறேன்.'

அவன் தலை தூக்கினான். கண்ணாடியில் அவள் கண்கள். ஈரம் காய்ந்திருந்தது.

"நீயா?"

"அவன் லேப்டாப்பு தெறந்தேதானுங்க கெடக்கும். உங்க வட்டத்த மொதல்ல படிச்சதே நானுங்க."

"ஒங்க அண்ணன்லா..."

"அவனால என்ற கல்யாணம் ரெண்டு தடவ நின்னு போச்சுங்ணா. மூணாவது மாப்ள ஊட்டுல வெசாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க."

அவள் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, கதவைத் திறந்து, நிதானமாக இறங்கினாள்.

ஜோஜோ பின்கதவை இழுத்தான். குழந்தைகளுக்கான பூட்டு! முன்சீட்டுக்குத் தாவினான். இடுப்பு வரைதான் வந்தான்...

தடுப்புச் சுவர் இல்லாத வளைவு அது. நானூறு அடி.

இருந்த ஒரே சாட்சியும் போனபின், திங்கட்கிழமை ஆன்மேரி ரெண்டு பைல்களை மூடினாள். ரெண்டிலும் ஆக்சிடென்ட்.

அன்று மாலையே திருத்திய முடிவோடு சனிக்கிரகனின் கதை வெளியாயிற்று. முதல் ஆளாக, கொச்சியிலிருந்து டின்டு எழுதினான்.

'கடைசியில் அந்த வண்டி கவிழ்வது கொஞ்சம் சினிமாத்தனம். மற்றபடி லாஜிக் பக்கா!'