சிவப்புத் திட்டுக்குப் பின்னால்

"மாமாகிட்ட சொல்லு, அது தூசிதான்னு."

"அம்மாகிட்ட சொல்லு, இல்லவே இல்லைன்னு."

விண்வெளி ஆய்வுக்கூடத்தில் அம்மாவுக்கும் கண்ணாடி மாமாவுக்கும் அடுத்தடுத்த மேசை. ஆனால், நேற்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டது வாண்டு.

"நான் என்ன தபால்காரியா?" என்று அலுத்துக்கொண்டாள். உள்ளுக்குள் ஒரே குஷி! பெரியவர்கள் சண்டை என்றால் அவளுக்குக் காது தானாக நீளும்.

சண்டை எதைப் பற்றி என்கிறீர்களா? பக்கத்து விண்மீன் திரள்களில் எங்கெங்கே தூசி என்று இருவரும் வரைபடம் போடுகிறார்கள். தூசிக்குப் பின்னால் இருக்கும் விண்மீன்கள் மங்கிச் சிவந்து தெரியும். ஒரு திரளின் ஓரத்தில் அப்படி ஒரு சிவப்புத் திட்டு. தூசி என்பது அம்மா கட்சி. வயதான விண்மீன்கள், இயல்பாகவே சிவப்பு என்பது மாமா கட்சி.

ஆய்வுக்கூடத் தலைவி கதவைத் திறந்தார். "சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க. இல்லேன்னா அந்தத் திரளையே வரைபடத்துல இருந்து எடுத்துடுவேன்."

அம்மாவின் முகம் தொங்கிப்போனது. மாமா சுத்தமான கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். வருடக்கணக்கான உழைப்பாயிற்றே! வாண்டுவுக்கு இப்போது குஷி போன இடம் தெரியவில்லை.

அவள் திரையில் அந்தத் திட்டைப் பெரிதாக்கினாள்.

"அம்மா, இந்தக் குட்டி வெள்ளைச் சுழி என்ன?"

"அது வேற திரள். ரொம்பப் பின்னாடி இருக்கு. அதை விடு."

"பின்னாடி இருக்கிறது எப்படி இவ்வளவு பளிச்னு தெரியுது? எதிர்வீட்டு ஜன்னல் திரை கெட்டியா இருந்தா, அவங்க டிவியில என்ன ஓடுதுன்னே எனக்குத் தெரியாது!"

"அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கறியா நீ?"

"அப்புறம் திட்டும்மா! தூசி இருந்தா இந்தச் சுழியும் சிவந்திருக்கணும்ல?"

சொல்லி முடித்த பிறகுதான் தோற்கப்போவது அம்மா கட்சி என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அம்மா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டாள். திட்டுக்குப் பின்னால் தெரிந்த எல்லாச் சுழிகளையும் தேடித்தேடி அளந்தாள். ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

அவள் நாற்காலி மெல்லத் திரும்பியது. "நீங்க சொன்னதுதான் சரி. தூசி இல்லை."

"என்கிட்டயா பேசறீங்க?" மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் கத்தினதோட சரி. நிரூபிச்சது உங்க பொண்ணு!"

தலைவி வந்து பார்த்தார். "பிரமாதம்! அந்தத் திரளும் இருக்கட்டும். வரைபடத்தை அனுப்புங்க."

"நீங்க அனுப்புங்க," என்றாள் அம்மா.

"சேச்சே, நீங்கதான் அனுப்பணும்," என்றார் மாமா.

"இல்லை, நீங்க!"

அடுத்த சண்டை சூடுபிடிப்பதற்குள், வாண்டு எட்டிப் பொத்தானை அழுத்திவிட்டாள்.