ஓடோடி வந்தவள்

அடுப்புச் சூடும் வெண்ணெய் வாசனையும் அடைத்துக் கிடந்த அந்த ரொட்டிக் கடையில், கடைக்காரம்மா நோட்டீஸைத் தூரத்திலும் பக்கத்திலுமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, மிகச் சாதாரணமாகச் சொன்னாள். "இந்தப் பொண்ணா? செவ்வாய்க்கிழமை வந்துச்சே."

நோட்டீஸ் ஒட்ட வந்திருந்த அக்காவின் கையிலிருந்து பசை டப்பா நழுவியது. படத்தில் சிரித்துக்கொண்டிருந்த தங்கை காணாமல் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது.

"நல்லாப் பாருங்கம்மா," என்றான் தங்கையின் கணவன்.

"பார்க்காம என்ன? ஒண்ணும் வாங்கலை. நொண்டிக்கிட்டே வந்து அடுப்புகிட்ட நின்னுச்சு. போனப்புறம் தரையைத் துடைச்சு மாளலை, அவ்வளவு தண்ணி."

மலைப் பூங்காவின் வாசல் வரை ஏறும் சாலையில் நான்கு சிற்றூர்கள். சீசன் தொடங்குமுன் நான்கிலும் புது நோட்டீஸ் ஒட்டத்தான் இருவரும் கிளம்பி வந்திருந்தார்கள். இப்போது அவன் நோட்டீஸ் கட்டைத் தெருவிலேயே போட்டுவிட்டு, அழுதுகொண்டே சிரித்தான்.

"உயிரோட இருக்காக்கா! நான்தான் சொல்லிக்கிட்டே இருந்தேனே!"

"ஆமா தம்பி," என்றாள் அவள். குனிந்து நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது ஊரில், பூச்சி உருண்டை நெடி வீசும் கம்பளிக் கடையில், முந்தாநாள் பார்த்ததாகச் சொன்னார்கள். "எங்க அக்கா இந்தப் பக்கம் வந்தாளா?" என்று கேட்டாளாம். பாவம் என்று தோளில் போர்த்திவிட்ட சால்வை அந்த நொடியே சொட்டச் சொட்ட நனைந்துபோனதாம்.

தங்கையின் கணவன் வண்டியை விரட்டினான். ஈரத் தார்ச்சாலையில் டயர்கள் சரசரக்க, இரு பக்கமும் பைன் மரங்கள் நெருங்கி நெருங்கி வர, கண்ணாடி துடைப்பான் நெஞ்சுக்குள்ளேயே அசைவதைப் போல அவளுக்கு இருந்தது.

அன்று நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதாவது, அவள் சொன்னது தெரியும். மேலே நடைபாதையில் தங்கைக்குக் கால் பிசகியது; அக்கா ஆள் கூட்டிவர ஓடோடி வந்தாள்; அதற்குள் பனி இறங்கிவிட்டது.

ஓடோடி வரவில்லை. கால் பிசகுவதற்குச் சற்று முன்புதான் சண்டை. "உனக்குன்னு ஒரு குடும்பம் இல்லாமத்தானே என் வீட்லயே ஒட்டிக்கிட்டுக் கிடக்கே" என்று தங்கை சொன்னது முள்ளாகத் தைத்திருந்தது. கீழே வந்தவள் காவலர் அறையைத் தாண்டி நடந்தாள். எதிரே காபிக் கடை. கொஞ்ச நேரம் பயந்து கிடக்கட்டும். ஒரு காபி. பிறகு இன்னொன்று. ஜன்னலில் மலை தெரிந்தது. இரண்டாவது கோப்பையைக் கீழே வைத்து நிமிர்ந்தபோது மலை இல்லை.

மூன்றாவது ஊரின் விடுதியில் வரவேற்பறைக்காரர் படத்தைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "காலையிலதான் வந்தாங்க. ரூம் தரட்டுமான்னு கேட்டேன். வேண்டாமாம். 'எங்க அக்கா காபி குடிச்சிட்டிருக்கா, முடிஞ்சதும் வருவா'ன்னாங்க."

சுவர்க் கடிகாரத்தின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"காபியா?" அவன் திரும்பினான். "என்னக்கா அது?"

சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. "குளிர்ல புத்தி பேதலிச்சுப் போயிருக்கும் தம்பி. ஏதோ உளறியிருக்கா."

அதற்குப் பின் அவன் முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாமல் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். மணி நான்குதான். ஆனாலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. மஞ்சள் வெளிச்சம் நாலடி போய்ப் பனியில் முட்டி நின்றது. ஈர மண் வாசனை. கண்ணாடிகள் மூடியிருந்தும் உள்ளே ஈர மண் வாசனை.

"தம்பி, வண்டியைத் திருப்பிடலாம்."

"என்னக்கா விளையாடுறீங்களா? இவ்வளவு தூரம் வந்துட்டு!"

"ஒரு விஷயம் சொல்லணும்."

"எனக்குத் தெரியும்க்கா." அவன் குரல் தழுதழுத்தது. "நீங்க அன்னைக்கு அப்படி ஓடி வரலைன்னா தேடவே ஆரம்பிச்சிருக்க மாட்டாங்க. இந்த ஒரு வருஷமும் நான் பிடிச்சு நின்னது உங்களாலதான்."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்காவது ஊர்; பூங்கா வாசல். கம்பிக் கதவு சாத்தியிருந்தது. காவலர் அறையில் ஆளில்லை. எதிரே காபிக் கடையின் ஜன்னலில் மட்டும் வெளிச்சம். அதன் முன்னால், பனிக்குள், ஓர் உருவம். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

அவன் பார்த்துவிட்டான். கதவைத் திறந்துபோட்டு ஓடினான்.

"தம்பி, போகாதீங்க!"

பனி அவனை விழுங்கியது. காலடிச் சத்தம். பிறகு அதுவும் இல்லை. அவள் முன்னால் எக்கிக் கதவை இழுத்துச் சாத்தினாள். எல்லாப் பூட்டையும் போட்டாள். மூச்சை அடக்கினாள். எங்கோ சொட்டும் தண்ணீர்.

பிறகு அவன் சிரிப்பு.

சிரித்துக்கொண்டே வந்தான். இரண்டு கைகளிலும் தங்கையைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் கழுத்தில் தங்கையின் முகம் புதைந்திருந்தது. முகம் புதைந்த இடத்திலிருந்து அவன் கழுத்து நீலம் பாரித்து, காது வரை ஏறி, கன்னத்துக்குப் பரவிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. கண் நிறைய சந்தோஷம். வாயிலிருந்து ஆவி மட்டும் வரவில்லை.

தூக்கியிருந்த கையின் விரலாலேயே கண்ணாடியில் தட்டினான்.

"அக்கா, பூட்டைத் திறங்க. கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க. உங்க பக்கத்துலதான் உக்காரணுமாம்."

அவன் தோளில் கிடந்த தலை மெல்ல நிமிர்ந்து, அவள் பக்கம் திரும்பத் தொடங்கியது.