நரிக் கல்யாணப் படம்

ஒரு புகைப்படத்துக்காக நாகிசா நரி மணப்பெண்ணாக வேடம் போடப் போகிறாள். காகித நரி முகமூடியும் வெள்ளை உடையும் தயார். வீட்டு ஜன்னல் திரைச்சீலையை வெட்டி அந்த உடையைத் தைத்தவர் அப்பா. இப்போது எதிர்வீட்டுக்காரர் இவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தினமும் பார்க்கிறார்!

படம் எடுப்பது பக்கத்து வீட்டு டோமோகா அக்கா. இடம் மலையடிக் கோயில். அக்கா நாளைக் காலை ஒசாகாவுக்கு வேலைக்குப் போகிறாள். இன்று விட்டால் படமே கிடையாது.

மழை வராமல் இருக்க வெயில் பொம்மை கட்ட வேண்டும். வெள்ளைத் துணிக்குள் பஞ்சுத் தலை வைத்த சின்ன பொம்மை அது. நினைத்தது நடந்த பிறகுதான் அதற்குக் கண் வரைவார்கள். அதைக் கட்டும் வேலையை நாகிசா ஐந்து வயதுத் தங்கை மியோவிடம் விட்டிருந்தாள். மணப்பெண்ணுக்கு முன்னால் குச்சியில் தொங்கும் விளக்கைத் தூக்கிப் போவதும் மியோதான்.

கோயிலுக்குள் நுழைந்ததும் மழை கொட்டியது. மூவரும் கூரைக்கு அடியில் ஓடி ஒதுங்கினார்கள்.

"மியோ, பொம்மையைக் கட்டினியா இல்லையா?"

"கட்டினேனே! இதோ, விளக்குக் குச்சியில!"

பொம்மை தலைகீழாகத் தொங்கியது.

"ஐயோ! தலைகீழா தொங்கவிட்டா மழைதான் வரும்! உனக்குத் தெரியாதா?"

மியோவின் உதடு பிதுங்கியது. "கழுத்துல கட்டினா அதுக்கு வலிக்குமே. அதான் அதோட பாவாடையில கட்டினேன்."

நாகிசாவின் மூக்குவரை வந்த கோபம் அங்கேயே நின்றுவிட்டது.

"நான் விளக்குத் தூக்க மாட்டேன். எல்லாத்தையும் நான்தான் கெடுத்துட்டேன்" என்று மியோ அழுதாள்.

டோமோகா அக்கா கேமராவைப் பைக்குள் வைத்தாள். "விடு நாகிசா. ஒசாகா ரூம்ல உங்க படத்தை மாட்டலாம்னு நினைச்சேன். பரவாயில்ல." பரவாயில்லை என்ற மாதிரி அவள் முகம் இல்லை.

நாகிசா மழையைப் பார்த்தாள். தங்கையையும் பார்த்தாள்.

"அக்கா, வெயிலும் மழையும் சேர்ந்து வந்தா என்ன சொல்லுவோம்?"

"நரிக்குக் கல்யாணம்னு சொல்லுவோம்."

"அப்போ மழை இல்லாம எனக்கு எப்படிக் கல்யாணம் நடக்கும்? மியோ சரியாத்தான் மழையைக் கூப்பிட்டிருக்கா. இனிமே வெயில் வந்தாப் போதும். காத்திருப்போம்!"

மியோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா கொண்டு வந்திருந்த சோற்று உருண்டைகளைச் சாப்பிட்டபடி மூவரும் காத்திருந்தார்கள்.

உருண்டைகள் தீர்ந்த பிறகுதான் மேகம் விலகி வெயில் வந்தது. மழையோ நிற்கவில்லை.

"வாங்க, வாங்க!" அக்கா கேமராவுக்குக் குடை பிடித்து, தான் நனைந்தாள். மியோ விளக்கை உயர்த்தி முன்னால் நடந்தாள். மழைத்துளி ஒவ்வொன்றும் பொன்னாக மின்னியது.

"மணப்பெண் சிரிக்கக் கூடாது!" என்று படம் எடுத்தபடியே சொன்னாள் அக்கா.

"முகமூடிக்குள்ள சிரிக்கிறது எப்படித் தெரியுது?"

"தோள் குலுங்குதே!"

வீட்டுக்கு வந்ததும் நாகிசா பொம்மையை ஜன்னலில் தலைகீழாகவே மாட்டினாள். தூரிகையை மியோவிடம் கொடுத்தாள். மியோ நாக்கைத் துருத்திக்கொண்டு கண்ணும் சிரிக்கும் வாயும் வரைந்தாள்.

நாகிசா பொம்மையைக் குனிந்து வணங்கினாள். பிறகு அதே போல மியோவையும் வணங்கினாள்.

"ரொம்ப நன்றி, மியோ."

"எனக்கு எதுக்கு?"

"அதோட கழுத்து வலிக்காம பார்த்துக்கிட்டியே, அதுக்கு."

மறுநாள் காலை, ஒசாகாவுக்குக் கிளம்பிய டோமோகா அக்கா அவர்கள் வீட்டு முன்னால் நின்று பெட்டியைக் கீழே வைத்தாள். திரையில்லாத ஜன்னலில் தலைகீழாகச் சிரித்த பொம்மையைப் பார்த்து நன்றாகக் குனிந்து வணங்கினாள்.