ஏழு மணிக்கு வந்த ஆந்தை

அக்காவின் அறையில் ஆந்தை வந்திருந்தது. தங்கையின் கைப்பேசியில் மணி ஏழுதான்.

துவைத்து மடித்த போர்வையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவர்க்கடிகாரத்தின் சின்ன முள் ஆந்தையின் மஞ்சள் கண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெரிய முள் உச்சியில். ஆந்தை வர இன்னும் முழுசாக இரண்டு மணி நேரம் இருந்தது. காலையில் பெருக்கும்போது பார்த்தாள், கடிகாரம் சரியாகத்தான் ஓடியது.

எந்தக் கடிகாரத்துக்கும் முள் முன்னே பின்னே போகும். ஆனால் இரண்டு மணி நேரம். துல்லியமாக இரண்டு மணி நேரம். அவள் காது மடல் சுட்டது, கடைத்தெருவில் திருடும்போது யாரோ கையைப் பிடித்துக்கொண்டதுபோல.

அழகுக்காக வாங்கிய கடிகாரம் அது. அக்கா நடமாடிக்கொண்டிருந்த நாளில், எதற்கோ போன கடையில் கண்டு, மடியில் வைத்துக்கொண்டே வீடு வந்தாள். தாம்பாளம் அளவுக்கு வட்டம். எண்களே கிடையாது, எண் இருக்க வேண்டிய இடங்களில் பன்னிரண்டு பறவைகள். பழங்காலப் புத்தகங்களில் கையால் வரைந்திருப்பார்களே, அந்த மாதிரி. ஒவ்வொரு இறகுக்கும் ஒரு மெல்லிய கோடு, வெளிறிய நிறங்கள், தேநீர் கொட்டிக் காய்ந்ததுபோன்ற பழுப்புப் பின்னணி, காலடியில் யாராலும் படிக்க முடியாத சுருள் எழுத்து.

பக்கவாதம் வந்து அக்காவின் வலப்பக்கம் செத்துப்போனபோது, எண்களும் அவளை விட்டுப் போய்விட்டன. ஐந்து என்றால் விழிப்பாள். கிளி என்றால் தெரியும். "டீக்கிளி வந்தாச்சு" என்று குழறிச் சிரிப்பாள். ஆறு மணி மீன்கொத்திக்கு மீசைக்காரன் என்று பெயர் வைத்திருந்தாள், ஏனென்று யாருக்கும் தெரியாது. எட்டுக்கு மரங்கொத்தி, மாத்திரை. ஒன்பதுக்கு ஆந்தை, தூக்கம்.

தங்கைக்கு ஆயத்த ஆடைக் கடையின் பின்னறையில் வேலை. வாங்கியவர்களின் அளவுக்கு உடுப்புகளைப் பிடித்துத் தைத்துக் கொடுப்பது. நாளெல்லாம் தையல் எந்திரத்தின் முன் குனிந்திருந்துவிட்டு வந்தால், பகலெல்லாம் அக்காவைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மா ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். ஆறிலிருந்து ஒன்பது வரை அவள் முறை. அக்கா எதுவும் கேட்கமாட்டாள்.

"பேச வேணாம். சும்மா உக்காரு" என்பாள். அவ்வளவுதான்.

அந்தச் சும்மாவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ரப்பர் விரிப்பின் வாடை, முதுகுப்புண்ணுக்குப் போடும் களிம்பின் வாடை, பவுடர், இதற்கெல்லாம் நடுவே தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு கண்கள். ஒரு சாயங்காலம் அக்கா கண்ணயர்ந்த நேரம், முக்காலியில் ஏறி, கடிகாரத்தின் முதுகிலிருந்த திருகைத் திருப்பினாள். அரை மணி நேரம். யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? அடுத்த வாரம் ஒரு மணி நேரம். அக்கா தூங்கிய பிறகு பழையபடி திருப்பி வைத்துவிடுவாள். கடிகாரம் இரவைக் காட்டியும் ஜன்னலில் வெளிச்சம் மிச்சமிருந்தது காட்டிக்கொடுத்தபோது, இரட்டைத் துணி வைத்துக் கனத்த திரை ஒன்றைத் தானே தைத்து மாட்டினாள். அக்கா இடக்கையால் அதைத் தடவிப் பார்த்து, "அழகா இருக்கு" என்றாள்.

பிறகு ஒரு நாள் இரண்டு மணி நேரம். "ஆந்தை வந்துருச்சுக்கா, தூங்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்தும்போது ஏழு மணி. கூடத்தில் தொலைக்காட்சியில் நகைச்சுவை நிகழ்ச்சி. வயிறு வலிக்கச் சிரித்தாள். ஒன்பது மணிக்கு எட்டிப் பார்த்தபோது, அக்கா போய்விட்டிருந்தாள்.

அக்காவைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் அவள் தொட்டது கடிகாரத்தை. முக்காலியைப் போட்டு ஏறி, முள்ளைச் சரிசெய்து, இறங்கி, முக்காலியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் "அக்கா" என்று கூப்பிட்டாள்.

மருத்துவரிடம், "ஒன்பது வரைக்கும் பக்கத்துலதான் இருந்தேன், தூங்குற மாதிரியே..." என்றாள். வந்தவர்களெல்லாம் அவள் தலையைத் தடவினார்கள். "கூடப் பொறந்தவளுக்கு இந்தக் காலத்துல யாரு இப்படிச் செய்வா?" என்றாள் எதிர்வீட்டு அத்தை. அவள் குனிந்தே இருந்தாள். துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அது நடந்து பதினாறு நாள் ஆகிறது.

போர்வையைக் கட்டிலில் வைத்துவிட்டு, முக்காலியில் ஏறி முள்ளைச் சரிசெய்தாள். மறுநாளும் ஏழு மணிக்கு ஆந்தை வந்திருந்தது. மூலையில் கிடந்த நாற்காலி கட்டிலை ஒட்டி வந்திருந்தது.

அவள் நர்ஸம்மாவுக்குப் போன் செய்தாள்.

"உங்ககிட்ட இன்னொரு சாவி இருக்கா?"

"அன்னைக்கே உன் கையில குடுத்துட்டேனேம்மா. ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. அந்தப் பறவைக் கடிகாரம் கொஞ்சம்..."

மறுமுனையில் நர்ஸம்மா மூச்சை இழுத்துவிடுவது கேட்டது.

"நானே ஒரு நாள் சொல்லணும்னு இருந்தேன். சில நாள் காலைல நான் வரும்போது அது ஒரு மணி நேரம் முன்னாடி ஓடிட்டு இருக்கும். நீ மறந்திருப்பே. நான் சரி பண்ணி வைப்பேன்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"உங்க அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாதேன்னுச்சு. பாவம் புள்ள, களைச்சுப்போய் வருதுன்னுச்சு." என்றார் நர்ஸம்மா. "நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காதேம்மா."

போன் அணைந்த பிறகும் அவள் அதைக் காதில் வைத்துக்கொண்டே நின்றாள். அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. ஆந்தை வந்துருச்சு என்று சொன்ன ஒவ்வொரு முறையும், தூங்கும் நேரம் இன்னும் ஆகவில்லை என்பது தெரிந்தே, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். அப்போது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்க, அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் வேலையிலிருந்து நேரே அந்த அறைக்குப் போனாள். முக்காலியைத் தூக்கிக் கூடத்தில் போட்டாள். அறைக்கதவை அகலத் திறந்து, மூடாமலிருக்க ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். திரையை முழுசாக விலக்கினாள். சாய்ந்த வெயில் கட்டிலின் நடுவே அக்கா படுத்திருந்த பள்ளத்தில் போய் விழுந்தது. இரண்டு வருஷம் ஒரே ஆள் ஒரே பக்கமாகக் கிடந்து பதிந்த பள்ளம், எத்தனை உதறியும் போகாத பள்ளம். நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். முள் ஒழுங்காக நகர்ந்தது. மீசைக்காரன் போனான். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். எங்கோ குழாயில் தண்ணீர் விழுந்து நின்றது. களிம்பு வாடை லேசாக, பிறகு லேசாக இல்லாமல், மூக்கின் உள்ளே வந்து உட்கார்ந்தது.

ஏழு ஆக ஒரு நிமிஷம் இருந்தது. அவள் கட்டிலைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டு மணி நேரம்க்கா. எல்லார்கிட்டயும் பக்கத்துலயே இருந்தேன்னு சொல்லிட்டேன்." பள்ளத்தின் ஓரத்தில் கை வைத்தாள். "நான் வெளிய சிரிச்சுக்கிட்டு இருந்தேன்க்கா."

தலைக்கு மேலே, கிர்ர் என்றொரு சத்தம்.

அவளுக்கு மிகவும் பழக்கமான சத்தம். திருகு சுழலும் சத்தம்.

நிமிர்ந்தாள். ஆந்தை.

அறை இருட்டியிருந்தது. திரை மூடியிருந்தது. கதவும் மூடியிருந்தது, செங்கல்லைக் காணவில்லை. கதவின் அடியில் நீலமாக ஒரு வெளிச்சக் கோடு துடித்துக்கொண்டிருந்தது. வெளியே தொலைக்காட்சி ஓடியது. அதே நிகழ்ச்சி. அதே கைதட்டல். கைதட்டல் ஓய்ந்த இடைவெளியில் ஒரு பெண் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க.

அந்தச் சிரிப்பு அவளுடையது.

எழுந்து ஓடிக் கதவைத் தட்டினாள். பிடியைத் திருகினாள். அசையவில்லை. உள்ளங்கையால் அறைந்தாள். "திற! ஏய், திற!"

வெளியே சிரிப்பு நின்றது.

அப்போதுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லாதது. தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளாதது. அன்றைக்கு நிகழ்ச்சியின் நடுவே உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அக்காவால் கட்டிலை விட்டு இறங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தட்டும் சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. கையை நீட்டி ரிமோட்டை எடுத்தாள்.

"வேணாம்" என்று கதவோடு வாயை வைத்துச் சொன்னாள். "வேணாம், வேணாம்..."

வெளியே தொலைக்காட்சியின் சத்தம் கூடியது.

முதுகுக்குப் பின்னால் கட்டில் முனகியது. ரப்பர் விரிப்பு சரசரத்தது. ஈரமாக, குழறலாக, ஒரு மூச்சு மேலேற முயன்று பாதியில் வழுக்கியது. மறுபடி முயன்றது.

அவள் திரும்ப விரும்பவில்லை.

திரும்பினாள்.

அக்கா வாயைப் பிளந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். உதடுகள் கருநீலம். கண்கள் அவள் மேலேயே. அந்தக் கண்களில் கோபம் துளிகூட இல்லை. செத்துப்போன வலப்பக்கத்தை இழுத்து இழுத்து, சுவரோரம் நகர்ந்து, கட்டிலில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். இடக்கை அந்த இடத்தை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. தட்டிக்கொண்டே இருந்தது.